டாலி ஷீட் நனைந்த பிறகு

தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் டாலி கிளார்க்காக இருந்தேன். 1974-ல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து நான் வேலைக்குச் சேர்ந்தேன். கிரேன் ஒரு ஸ்லிங் மூட்டையை இறக்கும். என் கையிலிருக்கும் பலகையில் ஒரு கோடு விழும். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே விழும். எந்தக் குறி போட்ட சரக்கு, எந்த ஹேட்சில் இருந்து வந்தது, எந்த ஷெட்டுக்குப் போனது, எத்தனை மூட்டை கிழிசல், எல்லாம் ஒரு தாளில் ஏறும். அதுதான் டாலி ஷீட்.

சேர்ந்த வருஷமே ஓர் ஐப்பசி மழையில், பகல் முழுக்க எழுதிய ஷீட்டை நனையவிட்டேன். மை கரைந்து நீலக் குழம்பாகிவிட்டது. வேலை போச்சு என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். மூத்த கிளார்க் ஒருவர் வந்து பார்த்தார்.

“மூட்டை எங்கல இருக்கு?”

“ஷெட்டுல இருக்குண்ணே.”

“பொறவு என்ன அழுகை? போய் மறுபடி எண்ணு.”

ராத்திரி முழுக்க முந்திரிக்கொட்டை மூட்டைகளை எண்ணினேன். விடியும்போது கணக்கு வந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் வந்தது. பகலில் என் கண்ணுக்குத் தப்பிய மூன்று கிழிந்த மூட்டைகள் ராத்திரி எண்ணிக்கையில் அகப்பட்டன. முதல் ஷீட் நனையாமல் இருந்திருந்தால், தவறான கணக்கில்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிள்ளைகளே, சரக்கு வேறு, சரக்கைப் பற்றிய தாள் வேறு. அன்றைக்குப் படித்த இந்தப் பாடத்தை நாற்பத்தேழு வருஷம் கழித்து, என் வீட்டுக்குள்ளேயே, நான் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் வந்த நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லாமல் மாடியில் உட்கார்ந்து, கீழே எங்கள் வீட்டு நாற்காலிகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் என் கம்ப்யூட்டரைத் தேடினேன். மேஜைக்கு அடியில் இருந்தது. நாலு நாள் குளித்திருக்கிறது. பேக்கப் எடுத்து வைத்த டிஸ்க்? அதுவும் அதே மேஜையின் கீழ்த் தட்டில். மூலத்துக்கும் காப்பிக்கும் நடுவே இரண்டடி தூரம். அது பேக்கப் இல்லை. ஒரே தோணியில் இரண்டு கூடை ஏற்றிவிட்டு, ஒன்று கவிழ்ந்தாலும் இன்னொன்று இருக்கும் என்று நினைத்த புத்திசாலித்தனம்.

அந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் குடும்பப் படம் இருந்தது. 2005-ல் துபாயில் இருந்த மச்சான் ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்து கொடுத்தார். கைக்குள் அடங்குகிற மினி டிவி (MiniDV) கேசட் போடுகிற வகை. மகள் கல்யாணம், பனிமய மாதா கோவில் திருவிழா, அப்பாவோடு பேச்சு என்று ஒன்பது கேசட் எடுத்தேன். மறுவருஷம் விண்டோஸ் மூவி மேக்கரில் மாதக்கணக்காக உட்கார்ந்து, ஒன்பது மணி நேரத்தை 42 நிமிஷமாக வெட்டினேன். பாட்டுப் போட்டேன், தலைப்புப் போட்டேன், பத்து டிவிடி அடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். ஊரில் எனக்கு எடிட்டர் என்று பேர் வந்தது.

இப்போது தப்பு செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த டிஸ்கை வெயிலில் வைத்தேன். வெளியே காய்ந்தது. ஆசை தாங்காமல் மின்சாரம் கொடுத்தேன். ஒரு கிறீச் சத்தம், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையே தலைமுடி நுழைய இடமில்லை. சேறு காய்ந்து படிந்த தட்டின் மேல் அந்தத் தலையை ஓடவிட்டால், உழுத வயல்தான். காய வைக்காமல், மின்சாரம் கொடுக்காமல் அப்படியே தூசி புகாத ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும். தண்ணீர் கெடுத்ததைவிட என் அவசரம் கெடுத்தது அதிகம். கைதவறி அழித்த கோப்புக்கும் இதே விதிதான். அழிந்தது என்று தெரிந்த நொடியில் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்தினால், போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள்கூடப் பலவற்றை மீட்டுக் கொடுக்கும். பதறிப்போய் அதன் மேலேயே எதையாவது ஏற்றினால் அது நிரந்தரமாகப் போய்விடும். இழப்பு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பது.

மூட்டை எங்கே இருக்கிறது?

இரண்டு நாள் சோர்ந்து படுத்திருந்தேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் பேத்தி கேட்டாள்: “தாத்தா, சரியா எதெல்லாம் போச்சு? லிஸ்ட் போட்டீங்களா?” கேட்டதும் மழையில் நின்ற அந்த மூத்த கிளார்க்கின் குரல் காதில் விழுந்தது.

எண்ணிப் பார்த்தோம். போனது புராஜெக்ட் ஃபைல். கேசட்டில் இருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த பிரதியும் போயிற்று. ஆனால் ஒன்பது கேசட்டும் மாடிப் பரணில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், காய்ந்த வேட்டியில் சுற்றியபடி இருந்தன.

புராஜெக்ட் ஃபைல் என்றால் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு சொட்டுப் படம்கூட இல்லை. ‘மூன்றாம் கேசட்டில் பத்தாம் நிமிஷம் தொடங்கி எட்டு விநாடி எடு, அதன் பிறகு ஐந்தாம் கேசட்டுக்குப் போ, மேலே இந்தப் பாட்டைப் போடு’ என்கிற கட்டளைகளின் பட்டியல்தான் அது. படம் இருக்கிற ஃபோல்டரின் பேரை மாற்றினாலே மூவி மேக்கரில் சிவப்பாகப் பெருக்கல் குறி வந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், அது டாலி ஷீட். ஷெட்டில் சரக்கு இருக்கிறவரை ஷீட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். சரக்கே போய்விட்டால், ஷீட் முத்து முத்தான கையெழுத்தில் இருந்து என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே மூவி மேக்கரைக் கைவிட்டுவிட்டது. என் ஃபைல் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தாலும், புதுக் கம்ப்யூட்டரில் அதைத் திறக்கத் திண்டாடித்தான் இருப்பேன்.

மதுரைக்குப் போன காப்பி

ஷீட்டை மறுபடி எழுத ஒரு முன்மாதிரி வேண்டும். பத்து டிவிடியில் எது மிஞ்சியிருக்கிறது? ஊருக்குள் கொடுத்தவை சில என் வீட்டோடு சேர்ந்தே நனைந்துவிட்டன. சில எந்தக் கல்யாணச் சந்தடியில் தொலைந்தனவோ. கடைசியில் மதுரையில் இருக்கும் என் மதினி வீட்டில் ஒன்று கிடைத்தது. “நீங்க குடுத்ததாச்சே, எப்படித் தூரப் போடுவேன்?” என்று சொல்லி பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று காப்பி வை, இரண்டு விதமான பொருளில் வை, ஒன்றை வீட்டுக்கு வெளியே வை என்று 3-2-1 கணக்கு ஒன்றைப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கினார். மதினிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. உறவு கொடுத்ததை எறியக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். கணக்கு அதிலேயே நிறைவேறிவிட்டது. நல்லது எதைச் செய்தாலும் ஒரு காப்பியைத் தூரத்து உறவுக்குக் கொடுத்து வையுங்கள். போக்குவரத்தும் விட்டுப்போகாது.

டிவிடியில் கீறல். வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும் என்று பேத்தி மெல்லிய துணியால் துடைத்துக் காட்டினாள். படம் ஓடியது. ஓடியதும்தான் தெரிந்தது, அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று. கேசட்டில் விநாடிக்கு 25 மெகாபிட் அளவில் பதிந்திருக்கும் படத்தை, டிவிடிக்காக மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே பிழிந்திருந்தேன். அப்பா பேசும் இடத்தில் பாட்டு ஏறியிருந்தது. பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி, இனி முழுசாகப் பிரிக்க வழியில்லை. தலைப்பு எழுத்துகள் படத்தின் மேலேயே சூடு போட்ட மாதிரி பதிந்திருந்தன.

ஆனால் வரிசை அதில் இருந்தது. அது போதும். டிவிடியை ஓட்டி ஓட்டி, ஒவ்வொரு வெட்டையும் நிமிஷம், விநாடியோடு ஒரு நோட்டில் எழுதினோம். இடது பக்கம் பழைய படத்தின் நேரம். வலது பக்கம் எந்தக் கேசட், எந்த இடம் என்று நிரப்ப வெற்றுக் கட்டம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. எழுபது வயது தாண்டி மறுபடி டாலி எழுதினேன்.

உலகத்தில் பெரிய ஆட்களும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். 1927-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபாலிஸ்’ படத்தை வெளியான கொஞ்ச நாளிலேயே கண்டபடி வெட்டிக் குறைத்துவிட்டார்கள். 2008-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில், கீறல் விழுந்த ஒரு 16 எம்.எம். பிரதியில் காணாமல் போன காட்சிகள் அகப்பட்டன. எந்தக் காட்சி எதற்குப் பின் வரும்? அந்தக் காலத்தில் படத்தோடு வாசிப்பதற்காக ஹூப்பெர்ட்ஸ் என்ற இசையமைப்பாளர் எழுதிய இசைக் குறிப்புத் தாள் உதவியது. எந்த இடத்தில் திரையில் என்ன நடக்கிறது என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். இசைக்காரர் தன் வேலைக்காக எழுதிக்கொண்ட குறிப்பு, எண்பது வருஷம் கழித்துப் படத்துக்கே டாலி ஷீட் ஆயிற்று. 2010-ல் பெர்லினில் படம் கிட்டத்தட்ட முழுசாக ஓடியது.

மகளின் கல்யாணக் கேசட்டுக்கு அந்த வேலையைச் செய்தது மொய் நோட்டு. யார் யார் எந்த வரிசையில் வந்தார்கள், எந்த ஊர், என்ன உறவு, எல்லாம் அதில் இருந்தது. முகம் தெரிந்தும் பேர் தெரியாத இருபது பேரையாவது மொய் நோட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். அது பரணில் கேசட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பணக் கணக்கு என்று எழுதினதுதான். யார் வந்தார்கள் என்ற கணக்கும் கூடவே சேர்ந்துவிட்டது.

ஒன்பது சாயங்காலம்

மினி டிவி கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் என்று ஒரு கேபிள் வேண்டும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது. கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிற ஒரு தம்பியிடம் பழைய பெட்டி ஒன்று இருந்தது. “சாயங்காலம் வந்து ஏத்திக்கோங்க சார்” என்றான்.

இதில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். 13 ஜிபி இடம் பிடிக்கும். கேசட் ஓடுகிறவரை உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். ஒன்பது கேசட், ஒன்பது சாயங்காலம். நான் முதல் தடவை எடிட் செய்தபோது எல்லாவற்றையும் வேகமாக ஓட்டித்தான் பார்த்தேன். எங்கே வெட்டலாம் என்றே கண் தேடியது. இந்தத் தடவைதான் நான் எடுத்த படத்தை நானே முழுசாகப் பார்த்தேன்.

கேசட்டில் டைம்கோடு என்று ஓர் எண் படத்தோடு பதிவாகிக்கொண்டே போகும். அதை வைத்துத்தான் இடம் கண்டுபிடிப்பது. ஆனால் நான் இடையிடையே ரீவைண்ட் செய்து பார்த்துவிட்டு, கொஞ்சம் வெற்று இடம் விட்டுப் பிறகு எடுத்திருக்கிறேன். வெற்று இடம் வந்தால் எண் மறுபடி பூஜ்ஜியத்தில் தொடங்கும். அதனால் ஒரே கேசட்டில் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தது. நல்லவேளை, தேதியும் மணியும் கூடவே பதிந்திருந்தன. கேமரா வாங்கிய அன்றே கடிகாரத்தைச் சரி செய்தது, நான் செய்த உருப்படியான காரியம்.

ஆறாவது சாயங்காலம் அப்பா வந்தார்.

அப்பா குளியாளி. மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில் கடலில் இறங்கியவர். அதன் பிறகு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை; சங்குகுளிக்குப் போனார். கேசட்டில் அவருக்கு 77 வயது. திண்ணையில் உட்கார்ந்து தோளாயிரம் பார் என்கிற முத்துப் படுகையைப் பற்றிச் சொல்கிறார். பத்துப் பாகம் ஆழம். காலில் கல், இடுப்பில் கயிறு, மூச்சு ஒரு நிமிஷம். கரையில் குவித்த சிப்பி அழுகி நாறுகிற நாற்றம், ஈ. கயிற்றை எப்படி அசைத்தால் மேலே இழுப்பார்கள் என்று காற்றில் கையை அசைத்துக் காட்டுகிறார்.

என் பழைய படத்தில் இது நாலு நிமிஷம். தொடக்கத்தில் பெரிய எழுத்தில் நானே தலைப்புப் போட்டிருந்தேன்: ‘கடைசி முத்துக்குளி, 1960’. மேலே சோகமாக ஒரு சினிமாப் பாட்டு.

கேசட்டில் அது 50 நிமிஷம். அதில் அப்பா சொல்கிறார்: “அதுதான் கடைசிக் குளி. அறுபதுல.”

உடனே அடுக்களையில் இருந்து ஒரு குரல்: “அறுபத்தொண்ணு. மூத்தவன் புதுநன்மை வாங்குன வருசம்.”

பேத்தி நிமிர்ந்தாள். “தாத்தா, இது யார் குரல்?”

என் அம்மா. திரையில் அவர் வரவே இல்லை. மீன் ஆய்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அன்றைக்கு எனக்கு அந்தக் குரல் இடைஞ்சலாகப் பட்டது. எடிட்டில் வெட்டி எறிந்துவிட்டு, அப்பா சொன்ன வருஷத்தையே தலைப்பாகப் போட்டேன். மூத்தவன் நான்தான். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது, பிறந்தது 1952. கணக்குப் போடத் தெரிந்த டாலி கிளார்க் கணக்குப் போடவில்லை. பத்து வீட்டில் பதினேழு வருஷமாக என் தப்பான ஷீட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. “கயிறு யாரு பிடிச்சா?” என்று நான் கேட்கிறேன். குளியாளிக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். அக்கா தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. அப்பா வாயைத் திறக்கும் முன்பே அடுக்களையில் இருந்து பதில் வருகிறது.

“எங்க அண்ணன் கையில கயிறு இருந்துச்சு. அதனாலதான் நான் ராத்திரி உறங்குனேன்.”

அப்பா பேசவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். கடலில் ஒரு நிமிஷம் மூச்சடக்கியவர், அங்கே ஏழு விநாடி பேச்சடக்கி உட்கார்ந்திருக்கிறார். பழைய எடிட்டில் அதையும் ‘சும்மா இருக்கிற இடம்’ என்று வெட்டியிருந்தேன். அப்பா 2009-ல் போனார். அம்மா 2011-ல். அம்மாவின் குரல் எங்கள் வீட்டில் வேறெங்கும் பதிவாகவில்லை.

வெட்டியதை எறியாதே

1969-ல் மனிதன் நிலாவில் இறங்கியதை 17 வயதில் ரேடியோவில் கேட்டவன் நான். அந்த நாளின் தெளிவான மூலப் பதிவு நாடாக்களை நாசாவே பிற்பாடு அழித்து, வேறு பதிவுக்குப் பயன்படுத்திவிட்டது. 2009-ல் அவர்கள் கொண்டுவந்த சீர்திருத்திய படம், மிஞ்சியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளில் இருந்து எடுத்தது. நம்ம ஊரிலும் அந்தக் கதைதான். முதல் தமிழ்ப் பேசும்படமான 1931-ஆம் வருஷத்து ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்றைக்கு ஒரு பிரதி கிடையாது. அவ்வளவு பெரிய இடங்களிலேயே சரக்கைத் தொலைத்திருக்கிறார்கள். நான் தப்பித்தது சாமர்த்தியத்தால் இல்லை. அந்தக் கேசட்டுகளின் மேல் வேறெதையும் பதிவு செய்யச் சோம்பேறித்தனம் விடவில்லை.

அதனால் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிறேன். படிப்போ, தொழிலோ, குடும்பமோ, மாதக்கணக்கில் கட்டியது ஒரு ராத்திரியில் கலையும். அப்போது ‘எல்லாம் போச்சு’ என்று சொல்லாதீர்கள். எது போச்சு, எது இருக்கு என்று எழுதுங்கள். பெரும்பாலும் போயிருப்பது நீங்கள் எடுத்த முடிவுகளின் பட்டியலாகத்தான் இருக்கும். முடிவுகளை மறுபடி எடுக்கலாம். அன்றைக்கு எடுத்தவனைவிட இன்றைக்கு உங்களுக்கு விவரம் கூடியிருக்கும். 54 வயதில் நான் இரைச்சல் என்று வெட்டியதுதான், 71 வயதில் எனக்குப் படமாகத் தெரிந்தது. முதல் ஷீட் தப்பியிருந்தால் அந்தக் குரலை நான் கேட்டே இருக்க மாட்டேன்.

அதற்கு ஒரே நிபந்தனை, வெட்டியதை எறியாமல் இருந்திருக்க வேண்டும். முடித்த படத்தைக் கொண்டாடுங்கள். ஆனால் ரா ஃபுட்டேஜைப் பத்திரப்படுத்துங்கள். இன்றைக்கு உங்களுக்குப் பிடிக்காத நாளையும், இடைஞ்சலாகப் படுகிற குரலையும்கூட. எதற்கு மதிப்பு என்று தீர்மானிக்க இன்றைக்கு உங்களுக்கு இருக்கிற கண் போதாது.

புதுப் படத்தைப் பேத்திதான் எடிட் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டாலி எழுதினேன். பாட்டு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். தலைப்பு மாறியது: ‘கடைசி முத்துக்குளி, 1961’. அதன் கீழே சின்ன எழுத்தில் அவளாகவே ஒரு வரி சேர்த்தாள்: ‘வருஷம் சொன்னவர், ஆச்சி’.

அப்பா தலை குனிந்திருக்கிற இடம் வந்தபோது அவள் மவுஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த ஏழு விநாடி அப்படியே இருக்கிறது.

வெட்டுகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரிலும் வைத்திருக்கிறோம், நீளக் கோடு போட்ட நோட்டிலும் எழுதியிருக்கிறோம். கேசட்டுகள் பழையபடி பரணுக்குப் போய்விட்டன. மதுரைக்கு மதினி பேரில் ஒரு காப்பி போயிருக்கிறது.